இரு நாழிகைச் சாமாயிகம்

போளூரை அடுத்த சிற்றூர் ஜினாலயம் ஒன்றில் அட்டமி நாளன்று நாம் ஆற்றிய உரையை எழுத்தில் தருமாறு அன்பர் சிலர் கேட்டனர். பேசியதை அப்படியே எழுதுதல் இயலாது. அன்று விட்டுப்போனதைச் சேர்த்தும், மிகையாகப் பேசியதைக் குறைத்தும் ஈண்டுத் தருகின்றோம்.

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நாம் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றினோம். ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவியர் வந்து அமரும் முதல் நாளில் தவறாமல் ஒன்று சொல்லுவோம்: ஆசிரியர் என்பவர் மெழுகுவர்த்தி, தம்மை உருக்கிப் பிறர்க்கு ஒளி தருவார். கேட்கும் பிள்ளைகளின் முகம் மலரும். சிலர் அதைக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் வண்ண மையால் எழுதிக்கொள்வர். நமக்கும் அதில் ஒரு பெருமிதம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

நம்மிடம் இறுதியாகப் பயின்ற அணியைச் சார்ந்த மாணவி ஒருத்தி ஜவ்வாது மலையில் ஓர் உறைவிடப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் அழைத்தாள். காலை மணி அடிக்கும் ஒலி கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது என்றாள். இரவில் உறக்கம் இல்லை. பகலில் விழிப்பும் இல்லை. பிள்ளைகளின் பெயர்கள் மறந்துபோகின்றன. முன்பு கண்மணி போல் பார்த்துக்கொண்ட குழந்தை ஒன்று நோட்டுப் புத்தகத்தை நீட்டியபோது, அதைத் தட்டிவிட்டதாகச் சொல்லி அழுதாள். வகுப்பறைப் பணி போதாதென்று விடுதிக் கணக்கு, பதிவேடு, புள்ளிவிவரம், இரவுக் காவல் என்று எல்லாம் அவள் தலையில். கடைசியாக ஒன்று சொன்னாள்: “அம்மா, நீங்கள் சொன்ன மெழுகுவர்த்தி உருகி முடிந்துவிட்டது. திரி கூட மிஞ்சவில்லை.”

அன்றிரவு நாமும் உறங்கவில்லை.

அன்பர்களே, விளக்கை மூடி வைக்கும் மரபினர் நாம். திறந்த சுடரில் விட்டில் வந்து விழும், சிற்றுயிர் மாளும் என்று அஞ்சி, பொழுது சாய்வதற்குள் உண்டு முடிப்பவர் நாம். அப்படிப்பட்ட நாமே மெழுகுவர்த்தியை உவமையாக்கிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம் எனின், கொல்லாமையைப் பாதியளவே கற்றிருந்தோம் என்பதுதான் பொருள். அமிர்தசந்திர ஆசாரியர் ‘புருஷார்த்த சித்தியுபாயம்’ என்னும் நூலில் ஹிம்சையை ஆராயும்போது, கஷாயங்களால் முதலில் புண்படுவது தன் ஆன்மாவே என்று காட்டுகின்றார். பிற உயிர்க்குத் தீங்கு நேர்வதும் நேராமையும் அதன் பின்னரே. எறும்பை மிதியாமல் நடக்கும் கால், தன்னைத் தானே மிதித்துக்கொண்டு நடக்கலாமா? நம் சமூகத்துப் பெண்டிர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அலுவலும் அடுக்களையும் நோன்பும் விருந்தும் ஒருத்தியே சுமந்து, களைத்தேன் என்று சொல்வதையும் பாவமாகக் கருதும் இல்லங்களை நாம் அறிவோம்.

இந்நிலைக்கு மேனாட்டார் ‘எரிந்து தீர்தல்’ என்னும் பொருளுடைய பெயரையே இட்டிருக்கின்றனர். 1974இல் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியல் அறிஞர், ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையங்களில் தொண்டு செய்தோர் சில காலத்தில் உள்ளம் வறண்டு போவதைக் கண்டு இச்சொல்லைப் பயன்படுத்தினார். பொருளாசை கொண்டோர் அல்லர். தொண்டு செய்ய வந்தவர் எரிந்து தீர்ந்தனர் என்பதைக் கவனிக்க. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தது. ஆற்றல் வற்றிப்போதல் ஒன்று. செய்யும் பணியிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல் மற்றொன்று. தம் திறமை குன்றிவிட்டதென்னும் உணர்வு மூன்றாவது. இதனை அந்நிறுவனம் நோய் என்று வகைப்படுத்தவில்லை. பணியிடத்தில் தீராமல் தேங்கிய அழுத்தத்தின் விளைவு என்றே வைத்தது. இந்தக் கடைசிச் செய்தியைப் பின்னர் எடுத்துக்கொள்வோம், அது முக்கியமானது.

பதற்றம் என்பது வேறு. நம் ஆகமம் அதனை முன்பே நன்கு ஆராய்ந்திருக்கிறது. தியானம் நான்கு வகை என்பது பாடசாலைப் பிள்ளையும் அறிந்தது: ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம். முதலாவதாகிய ஆர்த்த தியானத்தை உமாசுவாமி ஆசாரியர் நான்காகப் பிரிக்கின்றார். வேண்டாதது வந்து சேர்ந்ததே, எப்போது நீங்கும் என்று மறுகுதல். வேண்டியது பிரிந்ததே, மீண்டும் கிட்டுமா என்று ஏங்குதல். உடல் நோவையே நினைந்து நினைந்து வருந்துதல். வரப்போகும் இன்பத்தை நோக்கித் தவித்தல். இரவு இரண்டு மணிக்குக் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பவர் செய்வது இந்நான்கில் ஒன்றே.

“என்னால் தியானம் செய்ய முடியவில்லை, மனம் ஒருமுகப்படவில்லை” என்று பலர் நம்மிடம் குறைபடுவதுண்டு. ஒருமுகப்படாமல் என்ன? தலைமையாசிரியர் சொன்ன ஒரு சொல்லை மூன்று நாள் விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் மனம் ஒருமுகப்பட்ட மனமே. தியானம் நடந்துகொண்டுதான் இருக்கிறது, அது ஆர்த்தம். பற்றுக்கோட்டை மாற்ற வேண்டுமேயன்றி, ஆற்றலைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு, இதை அன்றைய உரையில் சொன்னபோது முன்வரிசையில் ஒரு பாட்டியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆர்த்த தியானம் இல்லறத்தார்க்கு மட்டும் உரியதன்று. ஆறாம் குணஸ்தானத்தில் நிற்கும் முனிவர்க்கும் நிதானம் ஒழிந்த மற்ற மூன்றும் வரக்கூடும் என்பது ஆகமக் கொள்கை. மகாவிரதம் பூண்டவர்க்கே வரக்கூடுமெனின், எட்டு வகுப்பும் விடுதியும் காக்கும் ஓர் ஆசிரியைக்கு வந்தால் அதில் நாணத்தக்கது என்ன?

இனி யோகம். இச்சொல்லில் நம்மவர்க்கு ஒரு குழப்பம் உண்டு. தத்துவார்த்த சூத்திரத்தில் யோகம் என்பது மனம், மொழி, மெய் மூன்றின் இயக்கம். வினை வந்து சேரும் வாயில். அப்படியாயின் யோகம் செய்க என்று நாம் சொல்லலாமா என்று ஒரு முதியவர் வினவினார். நல்ல வினா. எட்டாம் நூற்றாண்டில் ஹரிபத்திர சூரி இச்சொல்லை வேறு பொருளில் எடுத்துக்கொண்டார். வீட்டோடு உயிரைச் சேர்க்கும் அறவொழுக்கம் அனைத்தும் யோகம் என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் குமாரபாலன் என்னும் மன்னனுக்காக யோக சாத்திரம் இயற்றிய ஹேமசந்திரர், மும்மணிகளையே யோகம் என்றார். இரண்டு பொருளும் நமக்கு உடன்பாடே. முன்னது ஓடும் வண்டி. பின்னது அவ்வண்டியை நிறுத்தும் கலை. களைத்தவர்க்கு வேண்டுவது பின்னது.

நிறுத்தும் கலைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் காயோத்சர்க்கம். உடலின்மேல் கொண்ட ‘எனது’ என்னும் பற்றை விட்டு, அசையாது நிற்றல். அதைக் காண விரும்புவோர் போளூர் – ஆரணிச் சாலையில் வடமாதிமங்கலத்தை அடுத்த திருமலைக்குச் செல்க. பாறையில் பதினாறடி உயரத்தில் நேமிநாதர் நிற்கின்றார். தோள்கள் இறுகவில்லை. கைகள் தொங்குகின்றன, ஆனால் தொய்யவில்லை. முழங்கால் நேராக உள்ளது, ஆனால் விறைக்கவில்லை. உடற்கல்வி ஆசிரியர்க்கு ஆயிரம் சொற்களில் விளக்க வேண்டியதைச் சிற்பி உளியால் சொல்லி வைத்தான். நாம் பலமுறை மாணவியரை அங்கே சுற்றுலா அழைத்துச் சென்றோம். ஒருமுறையேனும் அவர்களை அச்சிலையின்முன் அவ்வாறே நிற்கச் சொன்னோமா எனின், இல்லை. நிழற்படம் எடுத்துக்கொண்டு, புளியோதரை உண்டு, திரும்பினோம்.

நம் மரபில் ஒரு காயோத்சர்க்கத்திற்கு அளவு உண்டு. நவகார மந்திரம் ஒன்பது முறை; ஒரு மந்திரத்துக்கு மூன்று மூச்சு; ஆக இருபத்தேழு மூச்சு. பணியிலும் பரபரப்பிலும் நாம் நிமிடத்திற்குப் பதினைந்து, இருபது முறை மூச்சு விடுகின்றோம். அமைதியாக மந்திரத்தோடு விட்டால் ஆறு, ஏழாகக் குறையும். இருபத்தேழு மூச்சுக்கு நான்கு நிமிடம் செல்லும. இவ்வாறு மெல்ல மூச்சு விடுகையில், குறிப்பாக வெளிமூச்சு நீளுகையில், வேகஸ் என்னும் நரம்பு நெஞ்சின் துடிப்பைத் தணிக்கிறது என்று இன்றைய உடலியல் விளக்குகிறது. எண்ணிக்கை வைத்தவர்க்கு நரம்பின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சாமாயிகத்தின் அளவும் அத்தகையதே. ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, நாற்பத்தெட்டு நிமிடம். மணியடித்தால் தொடங்கி மணியடித்தால் முடியும் ஒரு பாடவேளைக்கு மூன்று நிமிடம்தான் கூடுதல்! இதை முதலில் கணக்கிட்டபோது நமக்கே நகைப்பு வந்தது. வாழ்நாள் முழுதும் நாள்தோறும் எட்டுப் பாடவேளை பிறர்க்குக் கொடுத்தவர், ஒன்பதாவதைத் தமக்கு வைத்துக்கொள்ளலாகாதா?

மாணவி அழைத்த மறுவாரம் நாம் மலைப்பேருந்தில் ஏறினோம். எழுபதைக் கடந்த முழங்கால்களுக்கு அந்த வளைவுகள் சொல்லும் செய்தி தனி. செய்யாறு பிறக்கும் மலை அது. பலாவும் புளியும் சாமை வயலுமாக ஜமுனாமரத்தூர் வரை கண்ணுக்குக் குளிர்ச்சி. அம்மலையின் மறுபுறம் காவலூரில் வானாய்வகம் உள்ளது, அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் செயற்படத் தொடங்கியது. விண்மீனைக் காண விழைந்தோர் வெளிச்சம் மிகுந்த நகரை விட்டு இருளைத் தேடி அங்கே சென்றனர். காண்பதற்கு முதலில் விளக்கை அணைக்க வேண்டும் போலும்.

பள்ளியின் ஒரு வகுப்பறையில் மாலை ஐந்து மணிக்கு ஆறு பேர் கூடினர்: நம் மாணவி, ஆசிரியர் மூவர், விடுதிக் காப்பாளர், சமையல் செய்யும் மலைவாழ் பெண்மணி ஒருவர். நம் மாணவி ஒருத்தியைத் தவிர எவரும் சமணர் அல்லர். ஆதலின் நவகாரம் சொல்லுமாறு யாரையும் நாம் கேட்கவில்லை. அவரவர் தெய்வப் பெயரைச் சொல்லலாம். எதுவும் வேண்டாதவர் மூச்சை எண்ணலாம் என்றோம். அநேகாந்தம் பேசும் நாம் மூச்சுக்குச் சமயம் கேட்கலாமா?

செய்தது மிக எளிது. முதல் பத்து நிமிடம் கழுத்து, தோள், இடுப்பு, கணுக்கால் ஆகியவற்றை மெல்ல அசைத்துத் தளர்த்தல். பின் திருமலைப் பெருமான் போல் நிற்றல். அடுத்துப் பாயில் படுத்து, கால்விரல் முதல் நெற்றி வரை ஒவ்வோர் உறுப்பாக மனத்தால் தொட்டு, அதை விடுதல். மூன்று முறை இருபத்தேழு மூச்சு. எழுந்தமர்ந்து நான்கு பாவனை: எல்லா உயிரிடத்தும் நட்பு, நல்லார்பால் மகிழ்ச்சி, துன்புற்றார்பால் இரக்கம், திருந்தாதவர்பால் நடுநிலை. இந்நான்காவது மேலதிகாரிகளுக்குப் பெரிதும் பயன்படும் என்று நாம் சொல்லவே, எல்லோரும் சிரித்தனர். ஒரு மாதத்திற்குப் பின் தாம் சிரித்தது அன்றே என்று மாணவி பின்னர் கூறினாள்.

இதில் பெரும்பகுதி நாம் படைத்ததன்று. 1975இல் முனி நத்மல்ஜி, பின்னாளில் ஆசாரிய மகாப்பிரக்ஞர் என்று உலகம் அறிந்தவர், ஆசாரிய துளசியின் வழிகாட்டுதலில் ‘பிரேக்ஷா தியானம்’ என ஒரு முறையை வகுத்தார். பிரேக்ஷை என்பது ஊன்றிக் காண்டல். காயோத்சர்க்கம், மூச்சைக் காண்டல், உடலைக் காண்டல், அனுப்பிரேட்சை என்று படிப்படியாக அது செல்லும். அவர் தேராபந்தி சுவேதாம்பர மரபினர். நாம் திகம்பர மரபினர். அதனால் என்ன? தாகம் எடுத்தவர் கிணறு தோண்டியவரின் குலம் கேட்பதில்லை.

கடைசி எட்டு நிமிடம் ஒரு புது வழக்கம் வைத்தோம். ஒவ்வொருவரும் அன்றைய சுமையை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். மற்றவர் மறுமொழி கூறலாகாது. அறிவுரை கூடவே கூடாது. (ஆசிரியர் ஐவர் கூடிய இடத்தில் அறிவுரை கூறாதிருத்தலே பெருந்தவம்.) முதல் நாள் எவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே நாமே தொடங்கினோம். மாணவியின் முகத்தைப் பார்த்து, “உன்னை மெழுகுவர்த்தி என்று சொல்லிக் கொடுத்தது எம் பிழை, பொறுத்தருள வேண்டும்” என்றோம். பிரதிக்கிரமணத்தில் ஆண்டுதோறும் எல்லா உயிரிடமும் பொறுத்தல் வேண்டுகிறோம். பெயர் சொல்லி ஒருவரிடம் வேண்டும்போதுதான் நா எழவில்லை என்பது தெரிகிறது. விதிப்படி அவள் மறுமொழி கூறவில்லை. பாயின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

தனியே செய்யலாகாதா, ஏன் கூட்டம் என்று கேட்பர். தனியே செய்யலாம், ஆயினும் சோர்ந்தவர் தனியே தொடங்குவதில்லை. பாயை விரிக்கவே கை எழாது. பக்கத்தில் ஒருவர் விரித்தால் தாமும் விரிப்பர். மேலும், பதற்றமுற்றவர் உலகில் தாம் ஒருவரே இப்படி என்று நம்புகின்றார். ஆறு பேர் ஒரே அறையில் மூச்சை எண்ணும்போது அந்நம்பிக்கை தானே உதிர்கிறது. 2500ஆம் நிர்வாண ஆண்டையொட்டி நம்மவர் அனைவரும் ஒப்புக்கொண்ட சமணச் சின்னத்தின் அடியில், உயிர்கள் தம்முள் துணையாவதைக் குறிக்கும் தொடரைப் பொறித்திருப்பது அணிக்காக அன்று.

இனி, எச்சரிக்கை. யோகம் எல்லாப் பிணியையும் தீர்க்கும் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. நாம் அவ்வாறு சொல்ல மாட்டோம். அமெரிக்காவில் பதற்ற நோய் உடையோர் 226 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. நான்கு முதல் ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பன்னிரண்டு வாரம் பயிற்சி தந்தனர். குண்டலினி யோகம் பயின்றோரில் நூற்றுக்கு 54 பேர் தேறினர். எண்ணங்களைத் திருத்தும் உளவியல் சிகிச்சை பெற்றோரில் 71 பேர். மன அழுத்தம் பற்றிய பாடம் மட்டும் கேட்டோரில் 33 பேர். யோகம் பயனுடையதே, ஆயினும் உளவியல் சிகிச்சை அதனினும் மேம்பட்டு நின்றது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அதன் பயன் நிலைத்திருந்தது, யோகத்தின் பயனோ மங்கியிருந்தது. சமணர்க்கு வாய்மை விரதம் உண்டு. ஆகவே இதையும் சொல்லியாக வேண்டும்.

நம் ஆறு பேரிலும் அதைக் கண்டோம். இளம் ஆசிரியர் ஒருவர்க்குக் கண்ணை மூடினால் அச்சம் பெருகிற்று. மூன்றாம் நாள் எழுந்து வெளியே சென்றுவிட்டார். அவரை வற்புறுத்தாமல் திருவண்ணாமலையில் மனநல மருத்துவரிடம் அனுப்பினோம். மருந்து உண்டார், இரண்டு மாதம் கழித்துத் தாமே வந்து கண் திறந்தபடி அமர்ந்தார். இது வினைப்பயன், மருந்து எதற்கு என்று சொல்லும் பெரியோர்க்கு ஒரு சொல்: தானம் நான்கு என்று நமக்குக் கற்பித்தவர்கள் ஔஷத தானத்தை அவற்றுள் ஒன்றாக ஏன் வைத்தனர்? அசாதா வேதனீயம் உதயமாவது உள்ளே. அதைத் தணிக்கும் நிமித்தம் வெளியே, மருத்துவர் உருவிலும் வரும். வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் எவர்க்கேனும் தலைகாட்டினால், பாயை விரிக்கச் சொல்ல வேண்டா. தனியே விடவும் வேண்டா. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுக. 2022 முதல் நடுவண் அரசின் ‘டெலி மானஸ்’ உதவி 14416 என்னும் எண்ணில் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். மருந்து உண்போர் யோகம் தொடங்கியதும் அதைத் தாமே நிறுத்திவிடுவதும் கூடாது. அச்சம் தீர்த்தலாகிய அபய தானம் இவை எல்லாம் சேர்ந்ததே.

முன்பு நிறுத்தி வைத்த செய்திக்கு வருவோம். எரிந்து தீர்தல் பணியிடத்தில் பிறப்பது எனின், பணியிடத்தையும் பார்க்க வேண்டும் அன்றோ? திருமலையில் இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அவன் வென்ற நாடுகளின் பட்டியலுக்காக வரலாற்றாசிரியர் அதைப் போற்றுவர். அப்பட்டியல் முடிந்த இடத்தில்தான் நமக்குரிய செய்தி இருக்கிறது: மல்லியூர் வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தாவிளக்கு எரிய இருபது காசும் திருவமுதுக்குப் பத்துக் காசும் வைத்தாள். அணையா விளக்கு வேண்டுமென்று விரும்பியவள், விளக்கைப் பார்த்து ‘உருகு’ என்று சொல்லவில்லை. எண்ணெய்க்கு வழி செய்தாள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு வணிகப் பெண் அறிந்ததை நாம் அறியாமல் முப்பதாண்டுகள் பாடம் நடத்தினோம்.

நம் சமூகத்தில் பள்ளி நடத்துவோர், கடை வைத்திருப்போர், பத்துப் பேருக்கு வேலை தருவோர் பலர் இதைப் படிக்கின்றீர்கள். உங்கள் விளக்குகளுக்கு எண்ணெய் யார் ஊற்றுகிறார்? வாரம் ஒரு நாள் முழு விடுப்பு உண்டா? இரவில் அழைத்து வேலை ஏவுகின்றீர்களா? இவற்றை மாற்றாமல், ஊழியர்க்கு யோக வகுப்பு மட்டும் ஏற்பாடு செய்தல், ஓட்டைக் குடத்தைக் கவிழ்த்து வைத்துத் துடைப்பதற்கு ஒப்பாகும். பள்ளி என்னும் சொல்லுக்கே படுக்கை என்றொரு பொருள் உண்டு. நம் முனிவர் குகைகளில் கற்படுக்கை வெட்டித் தங்கிய இடங்களும் பள்ளியே. கற்பித்த இடமும் பள்ளியே.

மலையில் இரவுக் காவல் முறையை மாற்றுமாறு ஆறு பேரும் ஒன்றாகக் கையெழுத்திட்டுக் கேட்டனர். வாரம் ஐந்து இரவு என்றிருந்தது, சுழற்சியில் இரண்டாயிற்று. தனித்தனியே கேட்டபோது கிடைக்காதது அது. மாணவிக்கு உறக்கம் திரும்பச் சில மாதம் ஆயிற்று. நோட்டைத் தட்டிவிட்ட அக்குழந்தையிடம் அவள் மன்னிப்புக் கேட்டாளாம். குழந்தைக்கோ அது நினைவிலேயே இல்லையாம். அடுத்து வந்த கலந்தாய்வில் மாறுதல் பெற்றுச் சமவெளிக்கு இறங்கிவிட்டாள். தோற்று ஓடியதாகச் சிலர் பேசினர். முதியோராகிய பெற்றோரும் சிறு மகளும் கீழே இருக்க, அவள் இறங்கியது முறையே என்பது நம் கருத்து.

மாலைக் கூட்டம் அத்துடன் நின்றுவிடும் என்று எண்ணியிருந்தோம். சென்ற மாதம் அந்தச் சமையல் அம்மாள் தொலைபேசியில் பேசினார். ஐந்து மணிக்கு இப்பொழுது அவர்தாம் மணி அடிக்கின்றாராம். எண்ணிக்கை இருபத்தேழா இருபத்தெட்டா என்பதில் விடுதிக் காப்பாளருக்கும் அவருக்கும் வழக்கு. தீர்ப்புக் கேட்கவே அழைத்தார். இருபத்தேழு என்றோம். “நான் சொன்னேனில்ல” என்று அங்கே யாரிடமோ சொல்லிவிட்டு, அடுப்பில் சாமைச் சோறு பொங்குகிறது என்று வைத்துவிட்டார்.